சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள கதிர்,

அதியமான்கோட்டை வீட்டு மாடியில் பழைய கணினியைச் சர்வராக்கி, கூடப் படிப்பவர்கள் கோப்பு வைக்க இடம் தரப்போவதாக எழுதியிருந்தாய். "எல்லாம் என்கிரிப்ட் ஆனது. உள்ளே என்னவென்று எனக்கே தெரியாதே மாமா, என்னை எப்படிப் பிடிப்பார்கள்?" என்றும் கேட்டிருந்தாய். நீ சொல்வது பாதிதான் சரி.

பிறர் கோப்புக்கு இடம் தருபவரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் அதற்கு, கோப்பை அனுப்பத் தொடங்கியவனாகவோ, பெறுபவரைத் தேர்ந்தவனாகவோ, உள்ளடக்கத்தில் கைவைத்தவனாகவோ நீ இருக்கக் கூடாது. உரிய கவனமும் எடுத்திருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் உனக்கு விஷயம் தெரியும் என்று கொள்ள வேண்டும் என 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்தபின் நீக்காவிட்டால் காப்பு போய்விடும், கெடு மணிக்கணக்கில்தான். புகார் வர ஒரு முகவரியும், எந்தக் கோப்பு யாருடையது என்ற பதிவும் இல்லாமல் தொடங்காதே.

என்கிரிப்ஷன் குற்றமல்ல. ஆனால் 69-ஆம் பிரிவின்படி பூட்டைத் திறக்க உத்தரவிட்டு நீ மறுத்தால், 7 ஆண்டு வரை சிறை. இதற்கு 2009 விதிகள் ஓர் எல்லை வைத்திருக்கின்றன: நீயே பூட்டியதை, அல்லது சாவி உன் கட்டுப்பாட்டில் இருப்பதைத்தான் உன்னைத் திறக்கச் சொல்ல முடியும். அதனால் சாவி கோப்புக்கு உரியவரிடமே இருக்கட்டும்.

அதே கணினியில் டாரன்ட் ஓட்டினால் கதையே வேறு. அனுமதியில்லாத படத்தை இறக்கும்போதே வந்து சேர்ந்த துண்டுகளை உன் கணினி மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். அங்கே நீ இடம் தருபவன் இல்லை, விநியோகிப்பவன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

திருட்டுப் பிரதிகளைத் தடுக்கப்போய் மற்றவர்களும் அடிபடுவதுண்டு. 2012-இல் '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, இணைய சேவை நிறுவனங்கள் விமியோ என்ற காணொளித் தளம் உட்பட முழுத் தளங்களையே அடைத்தன. சொந்தப் படைப்பைப் போட்டிருந்தவர்களும் வெளியே நின்றார்கள். ஜூனில்தான், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. யாராவது சர்வரையே மூடு என்றால், எந்தக் கோப்பு என்று எழுத்தில் கேள்.

ஒன்றில் மட்டும் உத்தரவுக்குக் காத்திராதே. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படம் இருப்பது தெரிந்தால், உடனே காவல்துறைக்குச் சொல். போக்சோ சட்டத்தில் அது கட்டாயம்.

பயன்பாட்டு விதிகளை எழுதி எனக்கு முதலில் அனுப்பு. படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா