பெட்டியில் மறந்துவிட்ட கோப்புகள்



முதல் வீடு வாங்கப் போகும் ஒருவரிடம் முகவரும் வழக்கறிஞர் அலுவலகமும் என்னென்ன கேட்கிறார்கள்? ஐசி நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப் அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம். "வாட்ஸ்அப்புல தட்டி விடுங்க தம்பி, போதும்" என்பார் அங்கே வேலை செய்யும் அக்கா. நாமும் உடனே அனுப்பிவிடுவோம். வேலை முடிந்தது என்று நினைப்போம்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆபத்து என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். போகிற வழியில் அந்தச் செய்தியை இன்னொருவர் பிரித்துப் படிப்பது மிகக் கடினம். அனுப்புகிறவர் போனில் பூட்டி, வாங்குகிறவர் போனில்தான் அது திறக்கிறது. சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த அக்காவின் போன் கேலரியில் உங்கள் ஐசி இருக்கும். அவருடைய பேக்கப்பில் இருக்கும். அலுவலகக் கணினியின் டவுன்லோட் பகுதியில் ஒரு நகல் கிடக்கும். அவர் வேறு வேலைக்குப் போனால் உங்கள் ஐசியும் கூடவே போகும்! இமெயிலிலும் இதே கதைதான்.

கணக்காளர், வழக்கறிஞர், வங்கி போன்றோரும் அவர்களின் வாடிக்கையாளர்களும் கோப்புகளைப் பத்திரமாகப் பரிமாறிக்கொள்ள வழி செய்து கொடுப்பதையே சில நிறுவனங்கள் தொழிலாக எடுத்துக்கொண்டன. அதில் ஒன்று நம் ஊர்ப் பக்கம் பிறந்தது. 1999இல் சிங்கப்பூரில் தொடங்கி, பிறகு தலைமையகத்தை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு மாற்றிக்கொண்ட அக்செலியான்தான் அது.

அவர்கள் விற்ற பொருளின் பெயர் ஃபைல் டிரான்ஸ்ஃபர் அப்ளையன்ஸ், சுருக்கமாக எஃப்டிஏ. பெரிய கோப்புகளை இமெயிலில் இணைக்க முடியாத காலத்தில் அது பெரிய வசதி. கோப்பை அந்தப் பெட்டியில் ஏற்றினால் ஒரு லிங்க் கிடைக்கும். லிங்க்கை மட்டும் அனுப்பினால் போதும். யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகும். தேவை முடிந்ததும் லிங்க்கை மூடிவிடலாம். நகல் பத்து இடத்துக்குப் பரவாமல் ஒரே இடத்தில் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒரே இடத்தில் எல்லாம் இருப்பது திருடனுக்கும் வசதி.

2020 டிசம்பரில் அது நடந்தது. ஹேக்கர்கள் பயன்படுத்திய முதல் ஓட்டையை எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. கவுண்டரில் ஒருவர் பாரம் கொடுத்து "பெயர் எழுதுங்க" என்கிறார். நீங்கள் பெயருக்குப் பதிலாக "அந்த அலமாரியைத் திற" என்று எழுதுகிறீர்கள். அவர் அதைப் பெயர் என்று பார்க்காமல், முதலாளி சொன்ன உத்தரவு என்று நினைத்து அலமாரியைத் திறந்துவிடுகிறார். அவ்வளவுதான். அக்செலியான் உடனே பேட்ச் வெளியிட்டது. 2021 ஜனவரியில் வேறு ஓட்டைகள் வழியாக மறுபடியும் புகுந்தார்கள்.

அடிபட்டவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. நியூசிலாந்து ரிசர்வ் வங்கி அதில் இருந்தது. உலகப் புகழ்பெற்ற ஜோன்ஸ் டே சட்ட நிறுவனத்தின் கோப்புகளும் வெளியே வந்தன. சிங்கப்பூரில் சிங்டெல். ஏறக்குறைய 129,000 வாடிக்கையாளர்களின் அடையாள எண்ணும், அதோடு பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், முகவரி போன்றவையும் போயின. சிங்டெல் ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. டிசம்பரில் வந்த பேட்ச்களைப் போட்டிருந்தது. அப்படியிருந்தும் தப்பவில்லை.

எஃப்டிஏ அப்போதே ஏறக்குறைய 20 ஆண்டு பழைய பொருள். அக்செலியானே புதிய தயாரிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "இப்ப நல்லாத்தானே ஓடுது" என்று பல இடங்களில் விட்டுவிட்டார்கள். இந்த வசனத்தை நம் அலுவலகங்களிலும் நாம் கேட்காமல் இல்லை.

ஆனாலும் என் பார்வையில் பழைய மென்பொருளைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எஃப்டிஏ கோப்புகள் கடந்து போகும் பாதை. கிடங்கு அல்ல. வாங்க வேண்டியவர் வாங்கிய மறுநாளே கோப்பு அழிந்திருந்தால், புகுந்தவன் கையில் அன்றைய நாலு கோப்புகள்தான் சிக்கியிருக்கும். ஆகவே இப்படிப்பட்ட சேவையை யாராவது உங்களிடம் விற்க வந்தால், "பூட்டு எத்தனை பலம்?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை நாளில் அழியும்?" என்று கேளுங்கள். பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வராது.

அடுத்த கேள்வி, சாவி யாரிடம்? சில சேவைகளில் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், ஆனால் சாவி அந்த நிறுவனத்திடமே இருக்கும். அவர்கள் சர்வரில் ஒருவன் புகுந்தால் இரண்டும் சேர்ந்து போக வாய்ப்புண்டு. வேறு சில சேவைகளில் சாவி அனுப்புகிறவரிடமும் வாங்குகிறவரிடமும் மட்டும்தான். இது பலமானது. ஒரு கஷ்டமும் உண்டு: பாஸ்வேர்டை மறந்து, சாவியை மீட்கும் வழியையும் முன்பே செய்து வைக்காவிட்டால், அந்த நிறுவனத்தாலும் கோப்பைத் திறந்து தர முடியாது. சின்ன அலுவலகங்கள் இதற்குப் பயந்தே முதல் வகையைத் தேர்ந்தெடுக்கின்றன. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். தெரிந்து தேர்ந்தெடுத்தால் சரி.

சட்டமும் இறுகிவிட்டது. தகவல் கசிந்தால் ஆணையத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் கணக்கியல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள், சிலர் சொந்தமாக இன்சூரன்ஸ் தொழில் செய்வீர்கள். வாடிக்கையாளரின் ஐசி உங்கள் போனில் இருந்தால், அதைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

ஐசி நகலின் மேல் இரண்டு கோடு இழுத்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதித் தரச் சொல்லி நம் பெற்றோர் பழக்கியிருக்கிறார்கள். போனில் படம் எடுத்து அனுப்பும்போதும் அதையே செய்யலாம், ஒரு நிமிட வேலை.

அடுத்த வகுப்புக்கு வருமுன் இதைச் செய்துவிட்டு வாருங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் ஐசியை யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று வாட்ஸ்அப்பிலும் இமெயிலிலும் தேடி, ஒரு தாளில் எழுதுங்கள். வேலை முடிந்துபோன ஓர் இடத்துக்கு, "என் நகலை இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். வரும் பதிலை வகுப்பில் படிப்போம். பதில் வராவிட்டால் அதையும் சொல்லுங்கள்.