முதலில் காயட்டும், பிறகு மூடலாம்: பனிமூட்ட நாள்களுக்குப் பத்துக் குறிப்புகள்

ஐப்பசியில் பிடிக்கிற மழை கார்த்திகையில் விட்டாலும் மண்ணின் ஈரம் விடுவதில்லை. இரவில் வானம் தெளிந்து காற்று அடங்கினால், அந்த ஈரமே விடியற்காலையில் மூட்டமாகக் கவிந்துவிடும். ஜருகுமலை, போதமலைச் சரிவுகளில் இறங்கும் குளிர்காற்று பனமரத்துப்பட்டிப் பக்கத்துத் தாழ்வான காடுகளில் தேங்கும். வெயில் உறைக்க நேரமாகும். இந்த நாள்களில் துணியானாலும் தானியமானாலும் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

1. விடிந்ததும் ஜன்னலைத் திறக்காதீர்கள். மூட்டம் இருக்கும்போது திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். வெயில் வந்த பிறகு, 10 மணிவாக்கில், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பொழுது சாயுமுன் மூடிவிடுங்கள்.

2. துணி துவைப்பதையும் வெயில் வரும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஈரத்துணி இரவெல்லாம் வாளியில் கிடந்தால் முடைநாற்றம் பிடிக்கும். கொடியில் துணிக்குத் துணி இடைவெளி விடுங்கள். பாவாடை நாடா, சட்டைக் காலர், பை ஆகியவை காய்ந்தனவா என்று தொட்டுப் பார்த்து மடியுங்கள்.

3. துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம். நைலான் கயிறே நல்லது. மின்கம்பத்திலோ, மின்கம்பி உரசும் இடத்திலோ கொடி கட்டவே கூடாது. ஈரம் ஊறிய சுவரில் உள்ள சுவிட்சைத் தொட்டால் லேசாகச் ‘சுர்’ரென்றாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரை ஈரக்கையோடும் வெறுங்காலோடும் தொடாதீர்கள்.

4. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போட்டால் பின்னால் பூசணம் பூக்காது. பட்டுப்புடவை, வெண்பட்டு வேட்டியை நிழலில் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

5. வெள்ளிக் கொலுசைக் கழற்றினால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் காற்றுப் புகாத கவரில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போடுங்கள்; அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பேண்ட் சுற்றாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

6. மிளகாய்த்தூள், உப்பு, சர்க்கரை கட்டிதட்டுவதற்குப் பாதிக் காரணம் நம் கைப்பழக்கம்தான். கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவைப் பிடித்துக் கொட்டினால் ஆவி உள்ளே போகும். அடுப்பைவிட்டுத் தள்ளி, காய்ந்த கரண்டியால் எடுங்கள். நமுத்துப்போன முறுக்கை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். ஜவ்வரிசி வடகம் போடுவதை மாசி, பங்குனி வெயிலுக்கு விட்டுவிடலாம்.

7. இட்லி மாவு இந்தக் குளிரில் சீக்கிரம் பொங்காது. வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, கடைசித் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி, கையால் கரையுங்கள். சுடுதண்ணீர் நிரம்பிய அண்டா பக்கத்தில் இருந்தால் அந்தக் கதகதப்பே போதும். தேங்காய் எண்ணெய் உறைந்தால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது இயல்பாகவே உறையும்.

8. நிலக்கடலை, மக்காச்சோள மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். கடலைக்காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும்; அதுவே காய்ந்த பதம். பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள்; பாலில் இறங்கிவிடும்.

9. அரளி மொட்டு பறிப்பவர்கள் பனியோடு பறித்த பூவை அப்படியே கவரில் கட்டினால் வெந்துபோகும். நிழலில் பரப்பி, ஈரம் வடிந்ததும் கட்டுங்கள். செடி முழுக்க நஞ்சு என்பதால் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கவாத்து செய்த குச்சிகளை ஆடு மாடு மேயும் பக்கம் போடாதீர்கள். குளிருக்கு எரிக்கவும் வேண்டாம், புகையிலும் நஞ்சு உண்டு. எந்த விறகு, கரி ஆனாலும் கதவடைத்த அறைக்குள் கணப்பு மூட்டினால் உயிருக்கே ஆபத்து.

10. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, குடம், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.