தடுக்கத் தெரியும், எறியத் தெரியாது

சென்ற பருவத்தில் விடுதிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியைக் காண வந்த மன்றத் தோழர்களுக்கு அந்தக் கூச்சல் நினைவிருக்கும். பந்து என் கைக்கு வரும்போதெல்லாம் எதிரணித் தலைவர் தம் ஆட்களைப் பார்த்து, "அவனை விட்டுவிடுங்கள், எறியட்டும்!" என்று இந்தியில் கத்தினார். அவர்களும் விட்டுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நான் பந்தும் கையுமாகத் தனியே நின்றேன். ஆறு முறை எறிந்தேன், ஒன்று விழுந்தது. மூன்றாம் கால்பகுதி முடியுமுன் எங்கள் தலைவர் என்னை வெளியே அழைத்துக்கொண்டார். எதிரணியின் முதல் ஆட்டக்காரர் அதுவரை நான்கே புள்ளிகள் எடுத்திருந்தார். அவரைத் தடுத்து நின்றவன் நான்தான். அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

தடுப்பாட்டத்தில் வல்லவன் ஒருவன், தொலைவிலிருந்து எறியத் தெரியாதவனாக இருந்தால், களத்தில் அவனுக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வியை நான் என் பொருட்டுத்தான் ஆராயத் தொடங்கினேன். வரும் பருவத்தில் முதல் ஐவரில் ஓர் இடம் எனக்கா, நன்றாக எறியும் மற்றொருவருக்கா என்று தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் அணியில் ஆடிய பில் ரஸ்ஸல், 1957 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை பட்டம் வென்றார். அவர் பெயர் நிலைத்தது தடுப்பாட்டத்தால். அந்நாளில் எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளிதான். அப்படியிருக்க எதற்காக வெளியே போய் நிற்க வேண்டும்? 1979-ஆம் ஆண்டில் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் மூன்று புள்ளிக் கோட்டை ஏற்றது. 1984-இல் உலகக் கூடைப்பந்துக் கழகமும் ஏற்றது. கோடு வந்தவுடன் ஆட்டம் மாறிவிடவில்லை. அந்தக் கோட்டின் கணக்கைப் பயிற்சியாளர்கள் முழுதும் உணர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கணக்கு எளிது. இரண்டு புள்ளி எறிகளில் பாதி விழுந்தால் ஓர் எறிக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி எறிகளில் மூன்றில் ஒன்று விழுந்தாலே அதே ஒரு புள்ளி. என்னைப் போல் நான்கில் ஒன்று போடுபவன் எறிந்தால் முக்கால் புள்ளி. எதிரணித் தலைவர் ஏன் மகிழ்ச்சியோடு கத்தினார் என்பது இப்போது விளங்கும்.

ஆனால் என் எறி தவறுவது சிறு நட்டமே. பெரு நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரைக் களத்தின் நீளம் 14 மீட்டர், அகலம் 15 மீட்டர். பரப்பு 210 சதுர மீட்டர். அதை ஐவர் காக்கிறார்கள். என்னைக் காக்க வேண்டியவர் என்னை விட்டுவிட்டு வளையத்தடியில் போய் நின்றால், என் தோழர் நால்வரை ஐவர் காப்பதாக ஆகிறது. வளையத்தை நோக்கிப் பாய்பவருக்கு வழியில் ஒரு சுவர். ஒரு பேச்சுக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். எதிரணியின் சிறந்தவர் பதினைந்து இரண்டு புள்ளி எறிகள் எறிகிறார். நூற்றுக்கு ஐம்பதாக இருந்த அவருடைய வெற்றியை நாற்பத்தைந்தாக நான் குறைக்கிறேன். என் அணிக்கு மிச்சம் ஒன்றரைப் புள்ளி. அதே ஆட்டத்தில், அந்தச் சுவரின் காரணமாக என் தோழர்களின் நாற்பது எறிகள் ஐம்பதிலிருந்து நாற்பத்தெட்டாக இறங்குகின்றன. நட்டம் 1.6 புள்ளி. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

இதைக் களத்திலேயே மெய்ப்பித்துக் காட்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மெம்பிஸ் அணியின் டோனி ஆலன் அந்நாட்டின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தடுப்பாளர் அணியில் ஆறு முறை இடம் பெற்றவர். தொலைவிலிருந்து எறிவது அவருக்கு வராத கலை. 2015-இல் கோல்டன் ஸ்டேட் அணியோடு நடந்த தொடரில் மெம்பிஸ் இரண்டுக்கு ஒன்று என முந்தி நின்றது. ஆலனின் பிடியில் எதிரணியின் எறியாளர்கள் திணறினர். நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் ஒரு சூழ்ச்சி செய்தது. ஆண்ட்ரூ போகட் என்னும் ஏழடி உயர மனிதரை ஆலனுக்குக் காவலாக நிறுத்தியது. காவல் என்பது பெயரளவில்தான்! போகட் ஆலன் இருந்த திசைக்கே போகவில்லை. வளையத்தடியில் நின்று மெம்பிஸின் பருத்த ஆட்டக்காரர்களை மறித்துக்கொண்டிருந்தார். ஆலன் எறிந்தவை விழவில்லை. பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்க நேர்ந்தது. அவரை எடுத்ததும் தடுப்பும் போயிற்று. பின்னர் ஆலனுக்குத் தொடைத் தசையில் காயமும் இருந்தது என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். கோல்டன் ஸ்டேட் மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, அவ்வாண்டுப் பட்டத்தையும் கைப்பற்றியது.

இதைவிடக் கொடிய முறையும் ஒன்று உண்டு. 2017-இல் ஓக்லஹோமா அணியின் ஆண்ட்ரே ராபர்சனை எதிரணியினர் வேண்டுமென்றே பிடித்துத் தவறு செய்து, தனி எறிக்கு அனுப்பினர். ஹூஸ்டனுக்கு எதிரான அத்தொடரில் அவருக்குக் கிடைத்த தனி எறிகள் 21, விழுந்தவை 3. அவ்வாண்டு தடுப்பாளர் அணியில் இடம் பெற்றவர் அவர். எதிரே எவரும் மறிக்காமல் நின்று எறியும் எறி அது. அதில் அவர் பட்ட வேதனையைத் திரையில் பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் என் போன்றோர் மட்டையைக் கட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போக வேண்டியதுதானா? இல்லை என்பதே என் துணிபு. வென்றவர்களையும் நோக்க வேண்டும்.

உயரமானவர்களின் கதை வேறு. டெட்ராய்ட் அணியின் பென் வாலஸை 1996-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிகூட எடுக்காதவர். நான்கு முறை சிறந்த தடுப்பாளர் விருதும், 2004-இல் பட்டமும் பெற்றார். அவர் நின்ற இடம் வளையத்தடி. அவரைத் தனியே விட்டால் பலகையில் மோதித் திரும்பும் பந்தைப் பறித்துக்கொள்வார். ஆகவே விட முடியாது. இங்கேதான் கேள்வியின் முடிச்சு அவிழ்வதாக எனக்குத் தோன்றுகிறது. அவன் எறிவானா என்பதன்று கேள்வி. அவனைக் காப்பவன் அவனை விட்டு அகன்றால் ஏதேனும் விலை கொடுக்க வேண்டியிருக்குமா என்பதே கேள்வி. விலை எறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

டிரேமண்ட் கிரீனைப் பாருங்கள். 2022-இல் அவர் அணி பட்டம் வென்ற பருவத்தில், அவருடைய மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு முப்பதுகூட விழவில்லை. ஆயினும் அவரை விட்டுவிட்டுப் போவது ஆபத்து. அவர் ஸ்டீபன் கரிக்காக எதிரியின் வழியில் தூணாக நிற்பார். கரியை இருவர் வளைத்துக்கொண்டால் பந்து கிரீனிடம் வரும். அப்போது மூவர் காக்கும் இடத்தில் நால்வர் ஆடுவார்கள். அவர் எறியவே வேண்டாம். எவர் எறிய வேண்டும் என்று ஒரு நொடியில் கண்டு கொடுத்தால் போதும். அதே அணியில் அதே ஆண்டு ஆடிய இளைய கேரி பேட்டன், உயரத்தில் குறைந்த காவலர். அவரையோ கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்காமல் நெட்டையர்கள் நிற்கும் வளையத்தருகே அனுப்பினார்கள். கரி போன்ற எறியாளர் அருகில் இருந்ததால்தான் இது இயன்றது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். எறியத் தெரியாதவர் ஒருவரை ஓர் அணி தாங்கும்; இருவரைத் தாங்குவது அரிது.

இனி என் உள்ளம் கவர்ந்தவர் ஒருவர். சான் அண்டோனியோ அணியின் புரூஸ் பௌவன், 2003, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெற்ற தடுப்பாளர். 2002-03 பருவத்தில் மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு 44.1 போட்டு அச்சங்கத்திலேயே முதலிடம் பெற்றார். அதே பருவத்தில், அதைவிட எவ்வளவோ அருகிலுள்ள தனி எறியில் அவர் போட்டது நூற்றுக்கு 40.4 தான்! இது எப்படி? அவர் எறியாளர் அல்லர். களத்தின் மூலை என்னும் ஒரே ஓர் இடத்திலிருந்து எறியக் கற்றுக்கொண்டவர். அமெரிக்கக் களத்தில் கோடு நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.71 மீட்டர். அந்த அரை மீட்டர்ச் சலுகையில் அவர் ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொண்டார்.

நம் களம் இவ்வளவு இரக்கமுடையதன்று. நாம் ஆடும் உலகக் கழக விதியில் கோடு நடுவில் 6.75, மூலையில் 6.60, வேறுபாடு ஒரு சாண்கூட இல்லை. அமெரிக்காவில் ஒருவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் ஒரு தடுப்பாளர் நிற்கக் கூடாது என்று 2001-இல் விதி செய்தார்கள். நமக்கு அந்த விதி இல்லை. என்னைக் காப்பவர் ஆட்டம் முழுவதும் அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஆகையால் போகட்டின் சூழ்ச்சி நம் திடலில் இன்னும் எளிது.

ஆதலால் இரண்டு காரியங்கள் செய்கிறேன். பந்து இல்லாதபோது வெளியே நிற்பதில்லை. எங்கள் எறியாளரைக் காப்பவரின் வழியில் போய் நிற்கிறேன், அல்லது என்னைப் பாராதவரின் முதுகுப்புறமாக வளையத்துக்கு ஓடுகிறேன். தலைவரிடம் இதைச் சொன்னேன். அவர் பஞ்சாபிக்காரர், என்னைவிட மூத்தவர், சொற்செட்டுடையவர். "ஓடு, பார்க்கலாம்" என்றார்.

மற்றொன்று மூலை. ஓக்லஹோமாவின் லுகென்ட்ஸ் டார்ட் 2020-இல் இளம் தடுப்பாளர். ஹூஸ்டன் அணியினர் அவரையும் "எறியட்டும்" என்று விட்டார்கள். தொடர் முழுவதும் தவறியவர், ஏழாம் ஆட்டத்தில் பன்னிரண்டு மூன்று புள்ளி எறிகளில் ஆறு போட்டு 30 புள்ளி எடுத்தார். அணி இரண்டே புள்ளியில் தோற்றது. அவர் எறிவதை நிறுத்தவில்லை. 2025-இல் அதே அணி பட்டம் வென்றபோது அவரை எவரும் தனியே விடத் துணியவில்லை.

நாள்தோறும் காலை ஆறு மணிக்கு இடது மூலையிலிருந்து நூறு முறை எறிகிறேன். முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரி 24. இந்த வாரம் 31. மூன்றில் ஒன்றுக்கு இன்னும் இரண்டோ மூன்றோ குறைகிறது. பனிக்காலத்தில் பந்து கல்லாய் இருக்கிறது, விரல் மரத்துப்போகிறது. தவறிய பந்தின் பின்னால் ஓடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மன்றத் தோழர்களில் விடியலில் எழுபவர் எவரேனும் இருந்தால், பந்தைப் பொறுக்கித் திருப்பி எறிய வரலாம். தேநீர் என் செலவு.