குணமா, சூழ்நிலையா?

கேள்வி: யாராவது தாமதமாக வந்தால் என் கணவர் "பொறுப்பில்லாத ஆள்" என்கிறார். எனக்கோ "பாவம், என்ன சிக்கலோ" என்று தோன்றுகிறது. ஏன் இப்படி?

பதில்: அவர் காரணத்தைக் குணத்தில் தேடுகிறார், நீங்கள் சூழ்நிலையில். 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பமல்ல என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூரவும் ஆதரவாளராகவே இருப்பார் என்ற பக்கம்தான் மாணவர்களின் கணிப்பு சாய்ந்தது. கட்டாயம் கண்ணெதிரே இருந்தும் குணம்தான் தெரிந்திருக்கிறது!

ஆனால் எல்லா ஊரிலும் இப்படி இல்லை. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் செயலுக்குக் காரணமாக அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையும், மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையையும் அதிகம் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வளரும்போது படிகிற பழக்கம் இது என்றே நினைக்கிறேன். உங்கள் பார்வையே எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ஒருவர் போகிற இடமெல்லாம் தாமதிக்கிறார் என்றால், உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள்.