நாங்கள் கண்ட திருநின்றவூர்
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

“பானிபட்டுப் போர்கள் எத்தனை என்று கேட்டால் மூன்று என்கிறீர்கள். மூன்றுக்கும் ஆண்டு சொல்கிறீர்கள். தினமும் நடந்து வருகிற ஊருக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் மட்டும் ஏன் கூரையைப் பார்க்கிறீர்கள்?” என்று சமூக அறிவியல் வகுப்பில் சிஸ்டர் கேட்டபோது, நாங்கள் உண்மையிலேயே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு சனிக்கிழமைகள் அவகாசம் கொடுத்தார்கள். குறிப்பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அறுவராகப் புறப்பட்டோம். அவ்வாறு நாங்கள் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி ஆகியவற்றைக் கடந்து, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் எங்கள் ஊர் வரும். பலகையில் திருநின்றவூர் என்றிருக்கும். ஆனால் பெரியவர்கள் பலர் ‘தின்னனூர்’ என்றே சொல்வார்கள். நாங்கள் அதைக் கொச்சை என்று எண்ணிச் சிரித்ததுண்டு. பழைய ஆங்கில ஏடுகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று பின்னர் அறிந்தோம்.

‘திரு’ என்றால் திருமகள். வைகுண்டத்தை விட்டு நீங்கி வந்த திருமகள் இங்கே நின்றதால் திருநின்றவூர் ஆயிற்று என்பது தலபுராணம். அவளைத் திரும்ப அழைத்துப்போக வந்த சமுத்திரராஜன், தன் மகளையே ‘என்னைப் பெற்ற தாயே’ என்று கெஞ்சினானாம். அதனால்தான் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். உலகத்தில் எத்தனையோ கோயில்கள் உண்டு. இப்படி ஒரு பெயர் வேறெங்கும் இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. இக்கோயில் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வார் இங்கே வந்தும் பாடாமல் போய்விட்டாராம். தாயார் பெருமாளை அனுப்பிப் பாட்டு வாங்கிவரச் சொன்னாளாம். ஆழ்வார் அதற்குள் கடல்மல்லைக்குப் போய்விட்டதால் அங்கிருந்தே ஒரு பாசுரம் பாடித் தந்தார். ஒன்று போதாதென்று தாயார் மறுபடி அனுப்ப, திருக்கண்ணமங்கையிலிருந்து இன்னொன்று. இதைச் சொன்ன பூக்கார ஆயா, “அந்தக் காலத்திலேயே எங்க ஊர்ப் பொம்பளைங்க விட மாட்டாங்க, கண்ணு” என்றார். அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

நடந்தே போகும் தொலைவில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. எங்கள் ஆறு வாரங்களில் எங்களை அதிகமாகச் சிந்திக்க வைத்தது இதுவே. பூசலார் என்ற ஏழை அந்தணர் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார். கையில் பொருள் இல்லை. கேட்டவரெல்லாம் கை விரித்தனர். ஆகவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார். கல், மரம், தச்சர் என ஒவ்வொன்றாக மனத்தில் தேடினார். நல்ல நாள் பார்த்து அடிக்கல் இட்டார். இரவும் உறங்காமல் கட்டினார். சிகரம், மதில், கிணறு, குளம் ஒன்றையும் விடவில்லை. குடமுழுக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய பெருங்கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, “நின்றவூர்ப் பூசலின் ஆலயத்துக்கு நாளை நாம் போகிறோம், உன் நாளைத் தள்ளி வை” என்றார். மன்னன் இங்கே ஓடி வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார்.

இது கதைதானே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் மன்னன் பெயரைச் சொல்லவில்லை. காடவர் அரசன் என்கிறார். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில், குன்றத்தூரில் பிறந்தவர் அவர். அவருக்கும் முன்னே சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் பூசலாரை நின்றவூர்ப் பெயரோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஆகவே எங்கள் ஊர்ப் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாதது. இன்னொரு செய்தியும் உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தவன் இராசசிம்ம பல்லவன். அக்கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டில், பழங்கால அரசர்கள் அசரீரி கேட்டதில் வியப்பில்லை, இக்கலியுகத்தில் இவ்வரசன் அக்குரலைக் கேட்டதே வியப்பு என்ற பொருளில் ஒரு சுலோகம் இருக்கிறது. அது பூசலார் நிகழ்ச்சியைக் குறிப்பதாகவே அறிஞர் பலர் கருதுகிறார்கள். கல்லில் பூசலார் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு பேரரசன் தன் பெருமையைப் பொறிக்கும் இடத்தில், தான் கேட்ட குரலையும் பொறித்திருக்கிறான் என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது சிஸ்டர், ஸ்பெயின் தேசத்து ஆவிலா நகரப் புனித தெரேசாள் 1577-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு நூலைப் பற்றிச் சொன்னார்கள். ஆன்மாவைப் பல அறைகள் கொண்ட ஒரு கோட்டையாக அவர் கண்டாராம். நடு அறையில் ஆண்டவர் வீற்றிருக்கிறார். தெரேசாளும் பூசலாரும் சந்தித்திருந்தால் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விவாதித்தோம்.

இன்று கருவறையில் இறைவனோடு பூசலாரையும் காணலாம். ஐப்பசி அனுஷத்தன்று அவருக்குக் குருபூசை. இருதய நோய் உள்ளவர்கள் வெளியூர்களிலிருந்தும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு கோயில்களுக்கும் பிறகு ஊரில் பெரியது ரயில் பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது, எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடிற்று. ஆனால் ஊரை மாற்றியது அந்த ரயில் அல்ல என்றே நினைக்கிறோம். 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. 1979-இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களால் இங்கே குடியிருந்து அங்கே வேலை செய்ய முடிந்தது; மனையும் மலிவு. கிராமம் பேரூராட்சியாகி, 2021-இல் நகராட்சியும் ஆகிவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். காலை ரயிலில் டிபன் கேரியரும் கையுமாக நிற்கும் அண்ணன்மாரும் அக்காமாரும், கூடைகளோடு ஏறும் பூக்காரம்மாக்களும், ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு இங்கே இறங்கிப் பஸ் பிடிக்கும் மஞ்சள் சேலைக் கூட்டமுமாக நிலையம் எப்போதும் திருவிழாப் போலிருக்கும்.

இனி ஏரி. இதற்குத்தான் எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன.

ஏரிக்கு நாற்புறமும் கரை இருக்கும் என்று எண்ணியிருந்தோம். அப்படியல்ல. தாழ்வான பக்கத்தில் மட்டுமே மண் கரை. மேட்டுப் பக்கத்தில் நிலம் மெல்லச் சரிந்து வந்து தண்ணீருக்குள் இறங்கும். கரையில் உள்ள மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். நிறைந்து மிஞ்சுவது கலங்கல் வழியே வெளியேறிக் கால்வாயில் அடுத்த ஏரிக்குப் போகும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்தவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். கோடையில் ஊரார் கூடி வண்டல் எடுத்துக் கரையைச் செப்பனிடுவது குடிமராமத்து. 1858-இல் ஆங்கிலேயர் இதற்கெனச் சட்டமே போட்டார்கள். தானாக நடந்துகொண்டிருந்த வேலைக்குச் சட்டம் எதற்கு என்று நாங்கள் கேட்டதற்கு, “தானா நடக்கிறது நின்னு போச்சுன்னா அப்புறம்தாம்மா சட்டம் வரும்” என்றார் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர் கோயிலும் இருக்கிறது. பெருமழையில் கரை உடையாமல் காக்கிறார் என்பது நம்பிக்கை.

மேட்டுப் பக்கம் கரை இல்லாததால் ஒரு சங்கடம் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீர் உள்வாங்கிவிடும். அப்போது அந்த இடம் வெறும் பொட்டலாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது ஏரி என்றே தோன்றாது. கல் நட்டு மனை பிரித்து விற்கலாம், விற்றார்கள். மறுபக்கம், ஏரிக்குக் கீழ் நஞ்சையாயிருந்த நிலங்களிலும் பல மனைகளாகிவிட்டன. 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும் ஏரி நிறைந்தது. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்தது.

‘ஏரியை ஆக்கிரமித்தவர்களை உடனே அகற்ற வேண்டும்’ என்று எங்கள் கட்டுரையில் முதலில் எழுதியிருந்தோம். வகுப்பில் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் அறுவருள் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “எங்க வீடு அங்கேதான் இருக்கு” என்றாள். ஐந்து வாரம் எங்களோடு நடந்தவள் அதைச் சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா அம்பத்தூரில் வேலை பார்த்தவர், பி.எப். பணத்தைப் போட்டு மனை வாங்கியவர். “பத்திரம் பதிஞ்சாங்க, கரண்ட் குடுத்தாங்க, வீட்டு வரி ரசீது குடுத்தாங்க. இது ஏரின்னு ஒருத்தரும் சொல்லலைம்மா. தண்ணிதான் வந்து சொல்லுச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 2021-இல் நாங்கள் ஆறாம் வகுப்பு. அவள் நோட்டுப் புத்தகமெல்லாம் போய், ஒரு மாதம் சித்தி வீட்டிலிருந்து வந்தாள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியும். ஏன் என்று நாங்கள் யோசித்ததில்லை.

அந்த வரியை அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஏரி ஏரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேற்றுமை இல்லை. அவளும் அதையே சொன்னாள். விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் கேட்பது சரியில்லை என்பதிலும் வேற்றுமை இல்லை. வீடு போனால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற இடத்தில் எங்கள் பேனா நின்றுவிட்டது. சிஸ்டர், அவ்வளவுதான் தெரியும் என்றால் அவ்வளவே எழுதுங்கள் என்றார்கள்.

அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டு, பக்கத்தில் 2015, 2021 என்று எழுதியிருக்கிறது. கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலுக்கும் நான்கு. ஐப்பசி பிறந்தால் ஆறாக்குவோம் என்றார் அவள் அம்மா, எங்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே.