பழுதின் இடம் அறிதல்

பாட நோக்கம்: கணினி விளையாட்டிற்கான ஜாய்ஸ்டிக் இயங்கும் முறையை அறிதல், பழுதைப் படிப்படியாகக் கண்டறியும் நெறியைப் பயிலுதல், அந்நெறியைத் தெளிந்த தமிழில் எழுதுதல்.

ஒரே கணினியை வீட்டார் அனைவரும் பகிர்ந்து பயன்படுத்தும் இல்லங்கள் மான்குர்த்தில் பல உண்டு. அத்தகைய இல்லத்திற்கு ஜாய்ஸ்டிக் ஒன்று வந்து சேர்வது பெரிய நிகழ்ச்சி. அது லாமிங்டன் சாலைக் கடையொன்றில் சேமிப்புப் பணத்தால் வாங்கியதாக இருக்கலாம். உறவினர் பயன்படுத்திக் கொடுத்ததாகவும் இருக்கலாம். விமானம் ஓட்டும் விளையாட்டில், பிடியைத் தொடாதபோதே விமானம் இடப்புறம் சாய்ந்தால், “கெட்டுப்போய்விட்டது” என்னும் சொல் உடனே எழுகிறது. அச்சொல் பழுதின் காரணத்தைக் கூறுவதில்லை. அதன் இடத்தையும் காட்டுவதில்லை. இடம் அறியாத வரையில் பழுதை நீக்கவும் இயலாது.

1. கருவியின் உள்ளே

ஜாய்ஸ்டிக் என்பது தொடக்கத்தில் விமானத்தின் இயக்குகோலுக்கு விமானிகள் வழங்கிய பெயராகும். பின்னரே அது விளையாட்டுக் கருவிக்கு வந்தது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் ஜாய்ஸ்டிக்கில் நான்கு திசைகளுக்கு நான்கு விசைகள் இருந்தன. பிடியைச் சாய்த்தால் ஒரு விசை அழுந்தும். சிறிது சாய்த்தாலும் பெரிதும் சாய்த்தாலும் விளைவு ஒன்றே.

இன்றைய கருவிகள் பலவற்றில் இரண்டு மாறு மின்தடைகள் உள்ளன. ஒன்று இடம் வலமாகவும், மற்றொன்று முன் பின்னாகவும் பிடி சாயும் அளவை உணர்கிறது. வானொலிப் பெட்டியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இவ்வகையினதே. பிடி சாயும்போது மின்னழுத்தம் மாறுகிறது. மின்சுற்றுப் பலகை அதனை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. பல கருவிகளில் இவ்வெண் 0 முதல் 255 வரை அமையும். இடக்கோடி 0, வலக்கோடி 255 எனக் கொண்டால், கை படாத நடுநிலையில் ஏறத்தாழ 128 என்னும் எண் வரவேண்டும். கணினி பிடியைக் காண்பதில்லை. எண்ணை மட்டுமே காண்கிறது.

2. பொருத்துதல்

முற்காலத்தில் ஜாய்ஸ்டிக்கை இணைக்க 15 ஊசிகள் கொண்ட தனி இணைப்பு தேவைப்பட்டது. அச்சுப்பொறிக்கு வேறு இணைப்பு, விசைப்பலகைக்கு வேறு இணைப்பு என இருந்த நிலையை 1996இல் வெளிவந்த யூஎஸ்பி முறை மாற்றியது. இன்டெல் நிறுவனத்தில் இம்முறையை உருவாக்குவதில் முன்னின்றவர், வதோதராவில் பயின்ற பொறியாளர் அஜய் பட் ஆவார்.

ஜாய்ஸ்டிக்கை முதலில் கணினியின் யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருக வேண்டும். பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் கிளைப்பெட்டியில் செருகுதல் ஆகாது. செருகும்போது பிடியைத் தொடாது நடுநிலையில் விடுதல் வேண்டும். சில கருவிகள் அக்கணத்தில் உள்ள நிலையையே நடுவெனக் கொள்ளும். விளையாட்டைத் திறப்பதற்கு முன்னரே கருவியை இணைத்தல் நன்று. இடையில் செருகிய கருவியைச் சில விளையாட்டுகள் ஏற்பதில்லை.

3. நான்கு வினாக்கள்

கையிலிருந்து திரை வரை செய்தி செல்லும் வழியில் கருவி, வடம், கணினி, விளையாட்டு என நான்கு இடங்கள் உள்ளன. பழுது எங்கும் இருக்கலாம். விண்டோஸ் கணினியில் கட்டளைப் பெட்டியைத் திறந்து, ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்னும் ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால் விளையாட்டுக் கருவிகளின் பட்டியல் தோன்றும். அதிலுள்ள சோதனைச் சாளரம் பழுதின் இடத்தைப் பிரித்துக் காட்டும்.

*முதல் வினா: பட்டியலில் கருவியின் பெயர் உள்ளதா?* இல்லையெனில் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பின்னர் வேறு கணினியில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கும் பெயர் தோன்றாவிடில் பழுது வடத்திலோ கருவியிலோ உள்ளது. அங்குத் தோன்றினால் பழுது முதற் கணினியினது.

*இரண்டாம் வினா: பிடியை அசைத்தால் சாளரத்தின் குறி அசைகிறதா?* பெயர் இருந்தும் குறி அசையாவிடில் கருவியின் உட்பகுதியை ஐயுறலாம்.

*மூன்றாம் வினா: சாளரத்தில் அசைவது விளையாட்டிலும் அசைகிறதா?* இல்லையெனில் கருவி நலமாக உள்ளது. விளையாட்டின் அமைப்பைத் திருத்த வேண்டும். சில கருவிகளின் பின்புறத்தில் எக்ஸ், டி எனக் குறித்த சிறு விசை உண்டு. அவை செய்தி அனுப்பும் இரு முறைகளைக் குறிப்பன. புதிய விளையாட்டுகள் பல முதல் முறையை மட்டுமே அறியும்.

*நான்காம் வினா: கையை எடுத்தபின் குறி நடுவில் நிற்கிறதா?* நில்லாவிடில் அடுத்த பகுதி வழிகாட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்குத் தலையாய விதி. துளையையும் வடத்தையும் அமைப்பையும் ஒருங்கே மாற்றியபின் கருவி இயங்கினால், எது பழுதை நீக்கியது என்பது விளங்காது. மறுமுறை பழுது நேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே தேட நேரிடும்.

4. நடுநிலை தவறுதல்

கை படாத நிலையில் கருவி 128க்கு மாறாக 110 என்னும் எண்ணை அனுப்புவதாகக் கொள்வோம். விமானம் இடப்புறம் சாயும். ஆயினும் அந்த 110 நிலையாக நிற்குமானால் கவலையில்லை. சோதனைச் சாளரத்தை அடுத்துள்ள அளவுத்திருத்தத்தைத் தொடங்கி, பிடியை நடுவில் விட்டுப் பொத்தானை அழுத்தியபின், பிடியை எல்லாத் திசைகளிலும் கோடிவரை சுழற்றினால், கணினி 110ஐயே நடுவெனக் கற்றுக்கொள்ளும்.

அவ்வெண் 110, 140, 95 எனத் தாவிக்கொண்டே இருந்தால், அளவுத்திருத்தம் பயன் தராது. மாறு மின்தடையில் தூசி படிந்திருக்கலாம். அதன் பரப்புத் தேய்ந்திருக்கலாம். வடத்தைக் கழற்றியபின், பெரியவர் ஒருவர் துணையுடன், மின்தொடுகைகளுக்கென விற்கும் தூய்மைத் திரவத்தால் துடைத்து, முற்றும் உலர்ந்தபின் செருகலாம். தூசியானால் தாவல் நிற்கும், தேய்வானால் நில்லாது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவைப் பயன்படுத்தும் ஜாய்ஸ்டிக்குகளும் உள்ளன. அவற்றின் உணரியில் உராயும் பரப்பு இல்லாமையால் இத்தேய்வு நேர்வதில்லை.

5. எறிவதற்கு முன்

மான்குர்த்தின் அருகே தேவ்நார் குப்பைமேடு உள்ளது. 1927 முதல் மும்பையின் கழிவுகள் அங்குக் கொட்டப்பட்டு வந்துள்ளன. 2016 சனவரியில் அது தீப்பற்றியபோது எழுந்த புகையைச் சுற்றுவட்டாரத்தார் மறந்திலர். பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. வடங்களின் உறையை எரித்தால் நச்சுப்புகை எழும். ஆகவே உண்மையாகவே பழுதான கருவியையும் வீட்டுக் குப்பையோடு சேர்த்தல் கூடாது. மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

பழுதாகாத கருவி குப்பைக்குச் செல்லுதல் அதனினும் பெரிய இழப்பு. நான்கு வினாக்களுக்குச் செலவாவது அரைமணி நேரம். அவற்றைக் கேளாது எறிந்தால் செலவாவது பெற்றோரின் உழைப்பு.

சொற்பொருள்

வடம் – ஒயர்
மாறு மின்தடை – கூட்டவும் குறைக்கவும் இயலும் மின்தடை
பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும் பொருள்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
மறந்திலர் – மறக்கவில்லை

பயிற்சி

அ. விடையளிக்க.
1. அட்டாரி ஜாய்ஸ்டிக்கிற்கும் இன்றைய ஜாய்ஸ்டிக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பது ஏன்?
3. சாளரத்தில் குறி அசைகிறது. விளையாட்டில் விமானம் அசையவில்லை. பழுது எங்கே? காரணம் கூறுக.

ஆ. எழுத்து வழக்கிற்கு மாற்றுக.
1. “தம்பி, அந்த ஒயரக் கழட்டிட்டு வேற ஓட்டையில மாட்டிப் பாரு.”
2. “அக்கா, நான் தொடவே இல்ல, அதுவாவே சாயுது.”

இ. பிரித்து எழுதுக.
மின்னழுத்தம், நச்சுப்புகை, நடுவென

ஈ. வீட்டிலுள்ள மின்விசிறி, மேசைவிளக்கு, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றுள் ஒன்று இயங்கவில்லை எனக் கொண்டு, பழுதின் இடத்தை அறிய உதவும் மூன்று வினாக்களை வரிசைப்படுத்தி எழுதுக. ஒவ்வொரு வினாவிற்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகள் எதனை உணர்த்தும் என்பதையும் குறிப்பிடுக.