டீசல் பிக்கப்பிலிருந்து சின்னப் பெற்றோல் லொறிக்கு மாறுறீங்களோ? சில பயனுள்ள குறிப்புகள்

வட்டுக்கோட்டை, சங்கரத்தை, அராலிப் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் ஒரு பெரிய டீசல் டபுள் கப் நிற்பது புதினமில்லை. வருசத்தில் நாலைந்து நாள் முழுப் பாரம் சுமக்கிற அந்த வாகனத்தை, மிச்ச நாளெல்லாம் இரண்டு பெட்டி கத்தரிக்காயோடு சங்கானைச் சந்தைக்கு ஓட்டுகிறோம். சுசுகி கரி, டைஹாட்சு ஹைஜெட், மிட்சுபிஷி மினிகப் மாதிரி 660 சிசி பெற்றோல் லொறி ஒன்றுக்கு மாறினால் அந்த வீண்செலவு நிற்கும். மாற நினைக்கிறவைக்கும் மாறினவைக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

1. முதலில் வாகனம் பார்க்கப் போகாதேங்கோ, ஒரு கொப்பி வாங்குங்கோ. ஒரு மாதம் என்ன ஏற்றினோம், எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு நடையையும் எழுதிவையுங்கோ. பெரும்பாலான நடை 300 கிலோவுக்குக் கீழ் என்றால் துணிந்து மாறலாம்.

2. இந்தச் சின்ன லொறிகளுக்கு யப்பானில் வகுத்த பார அளவு 350 கிலோ. சீமெந்து என்றால் 7 பை. வெங்காயம் என்றால் 6 அந்தரோடு நிறுத்துங்கோ. நெல் மூட்டை பெரிது சின்னதாக இருக்கும், ஆனபடியால் எண்ணிப் பார்த்து ஏற்றாமல் நிறுத்துப் பார்த்து ஏற்றுங்கோ.

3. "மணல் பறிக்க என்ன செய்யிறது?" என்று வீட்டில் கேள்வி வரும். ஒரு கியூப் மணல் 100 கன அடி, நாலு தொன்னுக்கு மேல் வரும். உங்கள் பெரிய பிக்கப்பாலும் அதைச் சுமக்க ஏலாது, அப்போதும் ரிப்பரைத்தானே கூப்பிட்டீர்கள்! வருசத்தில் சில நாள் வருகிற அப்படியான பாரத்துக்கு ரக்ரரோ லொறியோ வாடகைக்குப் பிடியுங்கோ. அந்தச் சில நாளுக்காக வருசம் முழுக்கப் பெரிய எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை.

4. "டீசல் மலிவு" என்பது பழைய கணக்கு. 2021 யூனில் பெற்றோல் லீற்றர் 157 ரூபா, டீசல் 111 ரூபா. 2022 யூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. அதே வருசம் ஒக்டோபரில் பெற்றோல் 370க்கு இறங்கியபோது டீசல் 415இல் நின்றது. முந்தி இருந்த அந்தப் பெரிய இடைவெளியை நம்பி இனி வாகனம் வாங்கக்கூடாது.

5. கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கோ. மாதம் 1000 கிலோமீற்றர் ஓட்டம்; டீசல் பிக்கப் லீற்றருக்கு 10 கிலோமீற்றர், சின்ன லொறி 15 கிலோமீற்றர் என்று வைப்போம். டீசல் 280 ரூபா, பெற்றோல் 300 ரூபா என்று வைத்தாலும் 28,000 ரூபாச் செலவு 20,000 ஆகக் குறைகிறது. உங்கள் வாகனத்தின் உண்மையான ஓட்டத்தையும் அந்த மாத விலையையும் போட்டு நீங்களே செய்துபாருங்கோ, அப்போதுதான் மனம் தெளியும்.

6. ஆனால் ஒரு நடையில் போன பாரத்தை இரண்டு நடையாக்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் றோட்டில் போய்விடும். அதனால் சந்தை நாளுக்குப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒழுங்குபண்ணுங்கோ. இன்றைக்கு உங்கள் லொறி, நாளைக்கு அவையின் லொறி.

7. டபுள் கப்பில் ஐந்து பேர் இருக்கலாம், சின்ன லொறியில் இரண்டே இருக்கை. பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற எண்ணத்தை இப்பவே விடுங்கோ, அது ஆபத்து. குடும்பமும் இதே வாகனத்தில்தான் போகவேண்டும் என்றால் பின்னிருக்கை மடங்குகிற சுசுகி எவ்ரி மாதிரி வானைப் பாருங்கோ. இருக்கையை மடித்தால் பெட்டிகள், விரித்தால் பிள்ளைகள்.

8. யப்பான் சட்டப்படி இந்த வண்டிகளின் அகலம் 1.48 மீற்றருக்கு மேல் போகாது, நீளம் 3.4 மீற்றர்தான். வேலிக்கு வேலி உரசுகிற எங்கள் ஒழுங்கைகளுக்கு இது பெரிய வசதி. படலையை இடித்து அகலமாக்கவும் வேண்டாம், தோட்டத்து வாசலில் இறக்கித் தலையில் சுமக்கவும் வேண்டாம்.

9. "பட்டா" என்று பொதுவாகச் சொல்லி வாங்கப் போனால் டாட்டா ஏஸைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் ஓடுகிற ஏஸ்களில் கனக்க டீசல் எஞ்சின். நல்ல வாகனம்தான், பாரமும் கூட ஏறும். ஆனால் பெற்றோலுக்கு மாறத்தான் போகிறீர்கள் என்றால் வாகனப் புத்தகத்தில் எரிபொருள் என்ன என்று முதலில் பாருங்கோ.

10. பழைய வாகனம் பார்க்க விடியவெள்ளனப் போங்கோ. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ரார்ட் பண்ணினால்தான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் வீணாகிறது. நீங்கள் போகமுதலே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் விடிய வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கோ.

11. சுசுகியின் பழைய எஃப்6ஏ எஞ்சினில் ரைமிங் பெல்ட், பிறகு வந்த கே6ஏயில் சங்கிலி. பெல்ட் உள்ளதை வாங்கினால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கோ. பதில் தெளிவில்லையென்றால் வாங்கின கிழமையே மாற்றுகிற செலவையும் விலையில் குறைத்துப் பேசுங்கோ.

12. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது. அதனால் சந்தையில் நிற்கிற சின்ன லொறிகளில் கனக்க வயதுபோனவை. பெயின்ற் மினுக்கத்தைப் பார்க்காமல் பின்பெட்டித் தகரத்தின் அடி, சில்லுக்குப் பின்பக்கம், காலடிப் படி மூன்றையும் விரலால் தட்டிப் பாருங்கோ. கறள் தின்ற தகரம் மந்தமாகச் சத்தம் போடும்.

13. வாங்கின உடனே பெயர் மாற்றுங்கோ, விற்கிற பிக்கப்பையும் பெயர் மாற்றியே கொடுங்கோ. கையெழுத்து மட்டும் வைத்த கடதாசியோடு கைமாறுகிற வாகனத்தால் வருகிற வில்லங்கத்துக்கு அளவேயில்லை. வருடாந்த வரிப்பத்திரத்துக்கு எங்களுக்குச் சங்கானையில் உள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகம் கிட்ட.

14. புகைப் பரிசோதனையில் டீசலுக்குப் புகையின் கறுப்பைப் பார்ப்பார்கள். பெற்றோலுக்குக் கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத எரிபொருளையும் அளப்பார்கள். பரிசோதனைக்குப் போகமுதல் காற்று வடியையும் பிளக்கையும் துப்புரவாக்கி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் போங்கோ. திரும்பத் திரும்பப் போகிற நேரமும் காசும் மிச்சம்.

15. 95 ஒக்டேன் அடித்தால் இழுவை கூடும் என்று நினைத்துக் காசைக் கொட்டாதேங்கோ. யப்பானில் சாதாரணப் பெற்றோலே 90 ஒக்டேன் அளவுதான், இந்த எஞ்சின்கள் அதற்கென்று செய்தவை. எங்கள் 92 தாராளம்.

16. வீட்டில் லாண்ட்மாஸ்ரர் இருந்தால் டீசல் கானும் இருக்கும். இனிப் பெற்றோல் கானும் சேரும். டீசல் கானுக்குக் கறுப்பு, பெற்றோல் கானுக்குச் சிவப்பு என்று வாயைச் சுற்றிப் பட்டையாகப் பெயின்ற் அடித்துவிடுங்கோ. அவசரத்தில் எடுத்து ஊற்றுகிற பிள்ளைக்கும் பிழைக்காது.

17. தப்பித்தவறிப் பெற்றோல் ராங்கில் டீசல் போய்விட்டால் திறப்பைத் தொடவே வேண்டாம். தள்ளி ஓரத்தில் விட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு ராங்கை வடிக்கச் செய்யுங்கோ. ஸ்ரார்ட் பண்ணாத வரைக்கும் செலவு சின்னது.

18. 2022 வரிசைக் காலத்தில் டீசலைப் பரலில் சேர்த்து வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பெற்றோலை அப்படி வைக்கவே கூடாது. டீசல் ஆவி பற்ற 50 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோல் ஆவியோ எங்கள் மாரிக் குளிரிலும் பொறி பட்டால் பற்றும். குசினிக்கும் அடுப்புக்கும் கிட்ட ஒரு போத்தல்கூட வேண்டாம். கனநாள் கிடந்த பெற்றோல் பழுதாகி எஞ்சினையும் திணறவைக்கும்.

19. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டின தலைமுறை எங்களோடு இருக்கிறது. அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அவை அமுக்கம் குறைந்த, காபுரேற்றர் வைத்த எஞ்சின்கள். இப்போதைய இன்ஜெக்ரர் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்தால் பிளக்கும் புகைக்குழாய்க்குள் இருக்கும் வடியும் கெடும். அதை இறைப்பு மெசினோடு நிறுத்துங்கோ.

20. டீசலில் திறப்பைத் திருகி ஹீற்றர் விளக்கு அணையும்வரை காத்திருந்த கை, இதிலும் காத்திருக்கும். தேவையில்லை, நேரே ஸ்ரார்ட் பண்ணலாம். சத்தமும் குறைவு, விடிய மூன்று மணிக்குச் சுன்னாகம் சந்தைக்குக் கிளம்பினாலும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழும்பாது.

21. ஓட்டுகிற முறையை மாற்றாவிட்டால் இந்த எஞ்சின் உழைக்காது. டீசல் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். 660 சிசி பெற்றோலுக்குச் சுற்று வேண்டும். பாரத்தோடு பாலத்து ஏற்றத்தில் மேல் கியரில் முக்கவிடாமல் நேரத்தோடு ஒரு கியர் குறையுங்கோ. சத்தம் கூடுகிறதே என்று பயப்படாதேங்கோ, முக்கவிட்டால்தான் கெடும்.

22. சந்தையில் நிறுத்திக் கதைக்கும்போது எஞ்சினை ஓடவிடுகிற டீசல் பழக்கத்தை விடுங்கோ. சும்மா நிற்கும்போதும் பெற்றோல் வீணாக எரிந்துகொண்டுதான் இருக்கும். நிறுத்தினால் அணையுங்கோ.

23. பெரிய பிக்கப்புக்கு ஆறு ஏழு லீற்றர் ஒயில் போன இடத்தில் இதற்கு மூன்று லீற்றருக்குள் முடியும். மிஞ்சிக் கிடக்கிற டீசல் ஒயிலை இதற்குள் ஊற்றாமல் லாண்ட்மாஸ்ரருக்கு வையுங்கோ. ஒயில் கொள்ளளவு குறைவு என்பதால் சிறு கசிவும் கெதியாக எஞ்சினைப் பாதிக்கும், கிழமைக்கு ஒருக்கால் குச்சியை இழுத்துப் பாருங்கோ.

24. எஞ்சின் பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே. இருக்கையைத் தூக்கினால் எல்லாம் கையெட்டும், காற்று வடியை நீங்களே கழற்றி ஊதலாம். செம்மண் ஒழுங்கையில் ஓடுகிறவை இதை அடிக்கடி செய்யவேண்டும். ஒரு பிளக்கும் பிளக் சாவியும் எப்போதும் வண்டிக்குள் கிடக்கட்டும்.

25. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதேங்கோ. எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற மாதிரியே றேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ற் ஊற்றுங்கோ; அவசரத்துக்கு வடிகட்டின மழைத்தண்ணீர் நல்லது.

26. அராலிக் கரையோரமும் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் ஓடுகிற வண்டிக்கு உப்புக்காற்றுத்தான் முதல் எதிரி. சின்ன லொறியின் தகரம் மெல்லிசு, கெதியில் கறள் பிடிக்கும். மீன் பெட்டி, உப்பு, யூரியா ஏற்றின அன்றைக்கே பின்பெட்டியையும் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கோ. சவர்த் தண்ணீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். பின்பெட்டி மூலைகளில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஈர்க்கால் குத்தி விடுங்கோ.

27. ரயர் 12 அங்குலம், பெரிய பிக்கப்பின் ரயர் செலவோடு பார்க்க நல்ல மலிவு. காரின் ரயரைப் போட்டு இன்னும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதேங்கோ, பாரம் தாங்குகிற 145ஆர்12 லொறி ரயரையே கேளுங்கோ. காற்று அளவு கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

28. தண்ணீர்த் தாங்கி வைத்து ஓடுகிறவைக்கு: 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன், இந்த வண்டிக்கு அது மூன்று மடங்கு. 300 லீற்றர் தாங்கியை முன்பக்கம் ஒட்டி வைத்துக் கழுத்துவரை நிரப்புங்கோ. பாதி நிரம்பின தாங்கிக்குள் தண்ணீர் அடித்து வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

29. மாரியில் வழுக்கையாறு பெருகி வயல் றோட்டை மூடினால் பெரிய பிக்கப் போன தடத்தில் நீங்களும் போகவேண்டாம். சில்லு சின்னது, உயரம் குறைவு. பெற்றோல் எஞ்சினின் கொயிலும் பிளக்கும் நனைந்தால் நடுத்தண்ணீரில் நிற்கும். சுற்றிப் போனால் கூடப் போவது அரை லீற்றர்தான்.

30. பழைய டீசலை விற்க நல்ல நேரம் காலபோக அறுவடைக்குக் கொஞ்சம் முந்தி. பாரம் இழுக்கிற வாகனத்துக்கு அப்போது ஆள் தேடி வரும். படங்கையும் கயிறுகளையும் வண்டியோடு கொடுத்துவிடாமல் எடுத்து வையுங்கோ. பெரிய படங்கை அளவாக வெட்டி ஓரம் தைத்தால் சின்ன லொறிக்கு ஒன்றும் விறகுக்கு மூட ஒன்றுமாக இரண்டு கிடைக்கும்.

31. கடைசியாக ஒன்று: கிழமையில் மூன்று நாள் கிளிநொச்சிக்கும் வன்னி வயலுக்கும் முழுப் பாரத்தோடு ஓடுகிறவை டீசலை விற்கவே வேண்டாம், அந்த வேலைக்கு அதுதான் சரி. வட்டுக்கோட்டைக்கும் சந்தைக்கும் நடுவில் ஓடுகிற மற்றவை, இந்த மாதமே கொப்பியை எழுதத் தொடங்குங்கோ.